அடைமழையில் கொல்லைச் செடிகள்: காஞ்சிபுரத்தாருக்கு ஐப்பசி, கார்த்திகை ஆலோசனை

மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையார்பாளையம் பக்கம் தெருவில் பாவு நீட்ட வெயில் இல்லை; தறி வீடுகளில் கொஞ்சம் கை ஓயும் காலம். அந்த நேரத்தில் அரைமணியைக் கொல்லைக்கும் மாடித் தொட்டிகளுக்கும் ஒதுக்குங்கள். இந்த இரண்டு மாதங்களில் செடிக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தேங்கிய தண்ணீராலும் காயாத இலையாலும் வருபவை. மருந்துக்கடைக்குப் போகும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம்.

முதலில் தொட்டிகளின் அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். வடிகால் துளையில் குச்சி விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு நின்றால் வேர் அழுகுகிறது என்று பொருள். வாடியிருக்கிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவதுதான் அதைக் கொல்லும். செடியைப் பெயர்த்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வரும். அதை வெட்டி எறிந்துவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் நடுங்கள். தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போட்டால் வேரழுகல் பூசணங்கள் அடங்கும். மணி பிளாண்டுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், நல்ல நுனியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் போதும். மாடத்துத் துளசிக்குத் தினமும் தண்ணீர் விடும் வழக்கம் இருந்தால் மழை நாளில் ஓர் உத்தரணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெருமாள் கோபிக்க மாட்டார்.

ரோஜா இலையில் விளிம்பு சிதைந்த கரும்புள்ளிகள் விழுந்து, சுற்றிலும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது கரும்புள்ளி நோய். பூசண வித்து முளைக்க இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். ஆகவே நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். மழை இல்லாத நாளில் தண்ணீரை வேரடியில், காலையில் மட்டும் ஊற்றுங்கள். நோய்கண்ட இலைகளைக் கிள்ளி, கீழே உதிர்ந்தவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மல்லிகை இலைப்புள்ளிக்கும் இதே கவனிப்புதான்.

அதற்கும் அடங்காவிட்டால் போர்டோ கலவை. 1885-ல் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்காக மில்லார்டே அறிவித்த மருந்து இன்றும் கைகொடுக்கிறது. 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் ஏற்றது. தேய்த்த இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, கொஞ்சம் சேருங்கள். அன்றே தீர்த்துவிடுங்கள். மழை வெறித்த நாளில், முதலில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள்.

எதற்கு அடிக்கக்கூடாது என்பதும் முக்கியம். இந்த ஊரில் துளசி வரதராஜருக்குப் போகும், வில்வம் ஏகாம்பரநாதருக்குப் போகும், மந்தாரை இலை குடலை இட்லிக்குப் போகும். கறிவேப்பிலை நேராகக் குழம்புக்கு. வாயில் படும் இலைக்கும் சாமிக்குப் பறிக்கும் பூவுக்கும் மருந்து வேண்டாம் என்பதே என் கட்சி. கிள்ளுவதும் கவாத்து செய்வதும் போதும்.

செம்பருத்தி நுனியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியை மட்டுமல்ல, மல்பெரியையும் பிடித்துப் பட்டுப்புழு வளர்த்தவர்களைக் கலங்கவைத்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கடும் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. ஆகவே நுனியை வெட்டுங்கள், தண்ணீரைப் பீய்ச்சுங்கள், லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள். பூச்சியைச் சுமந்து போகும் எறும்பின் வழியையும் அடையுங்கள்.

மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் இலைமேல் கரும்பூசணம் கரி அப்பியதுபோல் படரும். இதற்கு மருந்து உங்கள் தறி வீட்டிலேயே இருக்கிறது: கஞ்சி. லிட்டருக்கு 50 கிராம் மாவு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, வெயில் அடிக்கும் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் கரும்படலத்தோடு செதிளாக உதிரும்.

மார்கழிப் பனி தொடங்கியதும் ரோஜாவிலும் பூசணிக் கொடியிலும் விபூதி தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். கடையில் நனையும் கந்தகம் எடுத்துத் தருவார்கள். லிட்டருக்கு 2 கிராம், நல்ல மருந்துதான். ஆனால் தறி இருக்கும் வீட்டில் வேண்டாம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். சரிகையில் இருப்பது வெள்ளி. கொல்லையில் அடித்துவிட்டு அதே கையோடு பாவைத் தொட்டால் நஷ்டம் யாருக்கு? ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை, வெயில் படும் நேரத்தில் தெளியுங்கள். பிரேசிலில் பெட்டியோல் என்பவர் சுக்கினிக் கொடிகளில் சோதித்து, 1999-ல் வெளியிட்ட முறை இது. நோய் தலைகாட்டியதுமே தொடங்கினால்தான் பலன்.

எதுவென்று பிடிபடாவிட்டால் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 எண்ணில் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தோட்டக்கலை அலுவலகத்துக்கு நேரில் போவதானால் நோய் தொடங்கிய இலை, முற்றிய இலை இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும்.