மிக்சரைத் திருப்பிப் பாருங்கள்

டிஜே வேலைக்கு வரும் இளைஞர் கடைக்குள் நுழைந்ததும் பார்ப்பது விளக்குகளை. பேடுகள் கலர் கலராக மின்னுகின்றன, ஜாக் வீல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, கை பரபரக்கிறது. அதே பெட்டியைத் தூக்கித் திருப்பி, பின்பக்கத்தில் என்னென்ன பின் செருகலாம் என்று பார்ப்பவர்கள் அரிது. ஆனால் ரிசப்ஷனிலும் கல்லூரி விழாவிலும் உங்களுக்கு அடுத்த ஆர்டர் வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பின்பக்கம்தான். கையில் காசு குறைவாக இருந்தால் அதை அங்கேதான் போட வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் ‘மிக்சர்’ என்று கேட்டால் மூன்று வேறு பொருட்களைக் காட்டுவார்கள். ஒன்று, தனி டிஜே மிக்சர். கிளப்புகளில் நடுவில் உட்கார்ந்திருக்கும் பயனியர் டிஜேஎம்-900என்எக்ஸ்எஸ்2 இந்த ரகம். அதற்குள் பாட்டு கிடையாது. இரண்டு பக்கமும் பிளேயரோ ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிளோ வேண்டும். இரண்டாவது, கன்ட்ரோலர். லேப்டாப்பில் ஓடும் மென்பொருளுக்குக் கைப்பிடி மாதிரி. மிக்சர், ஜாக் வீல், சவுண்ட் கார்டு எல்லாம் ஒரே பெட்டியில். மூன்றாவது, மைக்குகளையும் கீபோர்டையும் கலக்கும் மேடை மிக்சர். மெல்லிசைக் கச்சேரியில் பார்த்திருப்பீர்கள்.

பட்ஜெட் இறுக்கம் என்றால் முதல் ரகத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். பெரிங்கர் டிஎக்ஸ்626 போன்ற சின்ன தனி மிக்சர் விலையைப் பார்த்தால் மலிவாகத்தான் தெரியும். ஆனால் அதன் இரு பக்கமும் வைக்க வேண்டிய பிளேயர்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஏற்கெனவே வீட்டில் இரண்டு டர்ன்டேபிள் வைத்திருப்பவருக்கும், இரண்டு லேப்டாப்பை மாற்றி மாற்றி ஓட்டும் பழைய பாணிக்காரருக்கும் மட்டுமே அது லாபம். அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வரும் சிக்னல் மிகச் சன்னமானது. ‘ஃபோனோ’ என்று எழுதிய இன்புட்டும், எர்த் கம்பியைக் கட்ட ஒரு திருகும் இல்லாத மிக்சரில் அது சரியாகக் கேட்காது.

மற்ற எல்லாருக்கும் கன்ட்ரோலர்தான். ஆரம்பக்காரர்கள் பரவலாக வாங்குவது பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நுமார்க்கின் மிக்ஸ்ட்ராக் வரிசை, ஹெர்குலிஸின் இன்பல்ஸ் வரிசை. 2018-இல் வந்த டிடிஜே-400 கடைகளிலிருந்து போய்விட்டாலும் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. இவற்றில் எதை எடுத்தாலும் கற்றுக்கொள்ளலாம். பாட்டைப் பாட்டோடு ஒட்டும் வித்தையில் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பது என் கட்சி. இன்னும் மலிவாக வேண்டும் என்று போகும்போதுதான் பொறி இருக்கிறது. டிடிஜே-200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகு, எடை குறைவு. ஆனால் அதற்குள் சவுண்ட் கார்டே கிடையாது. சத்தம் போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோதான் வெளியே போக வேண்டும். ஹெட்போனில் அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்க ஒரு ஒய் கேபிள் போட்டால், கூட்டத்துக்குப் போவது ஸ்டீரியோவாக இருக்காது. வீட்டில் பழக அது போதும். மண்டபத்துக்குக் கொண்டுபோனால் சவுண்டு சர்வீஸ் அண்ணன் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

அந்த அண்ணன்தான் இந்தத் தொழிலில் உங்கள் முதல் வாடிக்கையாளர். மணமகன் வீட்டார் டிஜேவைத் தேடி அலைவதில்லை. மைக் செட் சொல்லும்போதே “டிஜேவும் நீங்களே பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் யாரைக் கூப்பிடுவார்? தன் பாக்ஸ்களைக் கெடுக்காதவரை. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டினால் சிக்னலின் தலை வெட்டுப்படுகிறது. அந்த வெட்டுப்பட்ட சத்தம் பெரிய ஆம்ப் வழியாகப் போகும்போது முதலில் கருகுவது ஹாரன் யூனிட். அதை மாற்றும் செலவு உங்கள் ஒரு நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். எனவே பச்சை முடிந்து மஞ்சள் தொடும் இடத்தில் மீட்டரை நிறுத்துங்கள். “இன்னும் சவுண்டு வேணும்” என்று யாராவது கத்தினால் அண்ணனிடம் சைகை காட்டுங்கள். கூட்ட வேண்டியது அவர் பக்கத்தில்.

இனி பின்பக்கத்துக்கு வருவோம். விலை குறைந்த கன்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றில் வெளியே போகும் வழி ஒரு ஜோடி ஆர்சிஏ. சிவப்பு, வெள்ளை, பழைய டிவிடி பிளேயரில் இருந்த அதே பின். எஃப்எல்எக்ஸ்4-லும் அதுதான். ஆர்சிஏவில் பேலன்ஸ்டு லைன் கிடையாது. இரண்டு மூன்று மீட்டர் வரை நன்றாகப் போகும். அதைத் தாண்டினால் பக்கத்தில் ஓடும் கரன்ட் ஒயரின் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். மண்டபத்தில் மேடைக்கும் அண்ணனின் மிக்சருக்கும் நடுவே ஐம்பது அடி இருக்கும், கேபிள் போகும் வழியிலேயே சீரியல் லைட் ஒயரும் பின்னிக் கிடக்கும். அவர் கையில் இருப்பது எக்ஸ்எல்ஆர், அதாவது ‘கேனான்’ பின் போட்ட கேபிள். அதைச் செருக உங்கள் பெட்டியில் இடம் இல்லை. அப்புறம் ஆளுக்கொரு கன்வெர்ட்டர் தேடி ஓடுவீர்கள், மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்திருக்கும்.

எக்ஸ்எல்ஆர் உள்ள கன்ட்ரோலருக்குப் போனால் விலை ஒரு படி ஏறிவிடும். அந்தப் படியை ஏற வேண்டாம். வேறு வழி இருக்கிறது: ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பேசிவ் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் உங்கள் பின், மறுபக்கம் கேனான். சிக்னல் பேலன்ஸ்டு ஆகிவிடும். கூடவே ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்ற சுவிட்ச், உர்ர்ர் என்ற இரைச்சலைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பது. கழற்றியதும் நின்றால், லேப்டாப்புக்கும் ஆம்ப்புக்கும் இரண்டு வெவ்வேறு எர்த் வழி இருக்கிறது என்று பொருள். சிலர் இதற்குப் பிளக்கின் மூன்றாவது காலை உடைத்துவிடுவார்கள். ஈரத் தரை, ஜெனரேட்டர், இரும்பு மேடை. கையில் மைக் பிடித்திருக்கும் மனிதருக்கு ஷாக் அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தக் காரியத்தை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், யார் சொன்னாலும்.

அடுத்தது மைக். கிளப் டிஜேவுக்கு அது ஓரமான விஷயம். நம் ஊர் ஃபங்ஷனில் மைக்தான் பாதி நிகழ்ச்சி. மணமக்களை அழைக்க வேண்டும், கேக் வெட்டச் சொல்ல வேண்டும், திடீரென்று தாய்மாமா வந்து மைக்கை வாங்கி ஐந்து நிமிடம் வாழ்த்துவார். எஃப்எல்எக்ஸ்4-இல் ஒரு மைக் செருகலாம், அதற்கு லெவல் குமிழ் ஒன்று உண்டு. தனி ஈக்யூ, அதாவது பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், கிடையாது. மாமாவின் குரல் கரகரத்தாலும் மைக் ஊளையிட்டாலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, குறைப்பது.

ஆகவே என் பரிந்துரை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம்: கன்ட்ரோலரில் மிச்சம் பிடித்து, மேலே சொன்ன மூன்றாவது ரகத்தில் சின்னதாக ஒன்று வாங்குங்கள். யமஹா எம்ஜி10 ஒரு நல்ல உதாரணம். நான்கு மைக் போடலாம், ஒவ்வொன்றுக்கும் ஈக்யூ உண்டு, வெளியே போக கேனான் இருக்கிறது. கன்ட்ரோலரின் ஆர்சிஏவை அதன் ஸ்டீரியோ சானல் ஒன்றில் விடுங்கள். பக்கத்திலேயே வைப்பதால் ஒரு மீட்டர் கேபிள் போதும், டிஐ பாக்ஸ் வாங்கும் செலவையும் தள்ளிப்போடலாம். இரைச்சல் வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு ஸ்டீரியோ சானலில் உங்கள் போனைச் செருகி, ஒரு மணி நேரத்துக்கான குத்துப் பாட்டு மிக்ஸை அதில் தயாராக வையுங்கள். லேப்டாப் உறைந்துபோனால் அந்தச் சானலின் குமிழைத் திருப்பினால் போதும். கூட்டத்துக்குப் பாட்டு மாறியது மட்டும்தான் தெரியும். இந்த ஜோடி, விலை உயர்ந்த ஒற்றை கன்ட்ரோலரைவிட ஃபங்ஷனுக்குப் பொருத்தம் என்பேன். மூட்டை ஒன்று கூடும், அவ்வளவுதான்.

மென்பொருள் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. எஃப்எல்எக்ஸ்4-ஐச் செருகினால் ரெகார்ட்பாக்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி தனிக் கட்டணம் இல்லாமல் திறக்கும். செராட்டோ டிஜே லைட்டும் ஓடும். செராட்டோவின் ‘புரோ’ வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பணம். கடைசியில் மூன்று எக்ஸ் வரும் ‘மிக்ஸ்’ என்ற ஓபன் சோர்ஸ் மென்பொருள் முழுக்க இலவசம், லினக்ஸிலும் ஓடும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்; உங்கள் கன்ட்ரோலர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டுகளை லேப்டாப்பிலேயே சேமித்து வையுங்கள். கீழ்த்தளத்து ஹாலில் நெட் சிக்னல் கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கேட்டுப் பாருங்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் விற்பவர் பேரத்துக்கு இறங்குவார். (அம்மன் கோவில் கூழ் ஊற்றுதலுக்கு ஆடியில் ஓட்டுபவர்கள் உண்டு, அவர்கள் விற்க மாட்டார்கள்.) போகும்போது உங்கள் லேப்டாப்பையும் ஹெட்போனையும் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை எதிர்ப்பக்கம் முழுதும் தள்ளுங்கள். சத்தம் துளியும் கேட்கக் கூடாது. மெல்லக் கசிந்தால் ஃபேடர் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு குமிழையும் முழுச் சுற்று திருப்புங்கள், கரகரவென்றால் உள்ளே தூசி. அது சுத்தம் செய்தால் போகும், விலையைக் குறைக்க நல்ல சாக்கு. யுஎஸ்பி கேபிளைச் செருகிய பின் லேசாக அசையுங்கள். லேப்டாப்பில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கன்ட்ரோலருக்கு யுஎஸ்பி ஓட்டை ஆடுவது மற்ற எல்லாக் கோளாறையும்விட மோசம், நிகழ்ச்சி நடுவில்தான் அது தன் வேலையைக் காட்டும். ஆர்சிஏ பின்களையும் ஹெட்போன் ஓட்டையையும் அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். கடைசியாக, திருப்பிப் போட்டு அடியில் உள்ள ஸ்க்ரூக்களைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் அந்தப் பெட்டி ஈசிஆர் கடற்கரைக் கல்யாணங்களில் உப்புக்காற்றைக் குடித்திருக்கிறது. வெளியே ஸ்க்ரூ அப்படி என்றால் உள்ளே சர்க்யூட் போர்டு எப்படி இருக்கும்!

சென்னைக்காரர்களுக்கு கேபிள், கன்வெர்ட்டர், பின் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. ஆனால் மிகவும் மலிவான கேபிளை வாங்காதீர்கள். பின்னின் மூடியைத் திருகித் திறந்து சால்டரிங்கைப் பாருங்கள். திறக்கவே முடியாதபடி வார்த்த பின் என்றால், அறுந்த அன்று குப்பையில்தான் போட முடியும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? மொத்தத்தில் பாதிக்கு மேல் கன்ட்ரோலருக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. மீதியில் சின்ன மேடை மிக்சர், காதை முழுதும் மூடும் ஹெட்போன், எல்லாக் கேபிளிலும் ஒரு உபரி, பஞ்சு வைத்த பெட்டி. பாதிப் பணத்துக்கு ஒழுங்கான கன்ட்ரோலர் வரவில்லை என்றால் தரத்தைக் குறைக்காதீர்கள், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். அதுவரை அண்ணனிடமோ தெரிந்த டிஜேவிடமோ வாடகைக்கு எடுத்து நான்கைந்து ஃபங்ஷன் ஓட்டினால், எந்தக் குமிழ் உங்கள் கைக்கு நிஜமாகவே தேவைப்படுகிறது என்பதும் தெரிந்துவிடும். நேரத்தையும் கணக்கில் வையுங்கள்: திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் உங்கள் கையில் இருப்பது நான்கு மணி நேரம்தான். வாடகையையும் சம்பளத்தையும் அந்த நான்கு மணி நேரத்தை வைத்தே பேசி முடியுங்கள், மண்டபத்துக்குக் கிளம்பும் முன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டு “அண்ணே, உங்க பக்கம் கேனானா, கால் இஞ்ச் பி-38 பின்னா, எத்தனை லைன்?” என்று கேட்டுவிடுங்கள்.