அடையாறு உப்பங்கழியைப் படிப்போம்: கையில் போன் இருந்தால் போதும்

சென்னை திரு.வி.க. பாலத்தைப் பலமுறை தாண்டியிருப்பீங்க. கீழே ஓடும் அடையாறும் பழகிய காட்சிதான். ஆனால் அந்த ஆறு கடலில் சேருமுன் வடக்குப் பக்கமாக ஒரு கிளை பிரிந்து, குயிபிள் தீவைச் சுற்றி வளைந்து போவதைக் கவனித்தவர்கள் குறைவு. அந்தக் கிளைதான் அடையாறு உப்பங்கழி. ஒரு காலத்தில் இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டுக் கிடந்த இதன் ஒரு பகுதி, இன்று தொல்காப்பியப் பூங்கா. அந்த இடத்தை எப்படிப் பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிக் காப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

1. முதலில் மேப்பில் பாருங்கள்

போனில் மேப் செயலியைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் அடையாறு கடலைத் தொடும் இடம் தெரியும். அங்கிருந்து விரலை மெதுவாக வடக்கே நகர்த்தினால், எம்.ஆர்.சி. நகர், ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் பசுமையும் நீரும் கலந்த ஒரு வளைவு தெரியும். சுற்றிலும் கட்டடங்கள், நடுவில் இந்த ஈரம். அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு. அதன் கடைசிப் பகுதியில் இருக்கும் இந்தக் கிளைக்கு மூன்று முக்கியமான வேலைகள் உண்டு.

ஒன்று, மழை வெள்ளம் வரும்போது நீர் பரவி நிற்க இடம் தருவது. இரண்டு, ஓட்டம் குறைவாக இருப்பதால் மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் பாதுகாப்பாக வளர இடம் தருவது. மூன்று, சேற்றில் புழு, நத்தை, நண்டு பெருகி, பறவைகளுக்கு உணவாவது.

2. எது கெட்டது? எப்படிச் சரியானது?

உப்பங்கழிக்கு உயிர் கொடுப்பது கடல் ஏற்றமும் இறக்கமும். நம் கடற்கரையில் ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும். இறங்கும்போது பழைய நீரை வெளியே இழுத்துப் போகும். இதை ஒரு மூச்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூச்சு இரண்டு விதமாக அடைபடும். கடற்கரையோரம் நகரும் மணல், மழையில்லா மாதங்களில் முகத்துவாரத்தில் மேடாகச் சேர்ந்துவிடும். அது இயற்கை. இன்னொன்று நாம் செய்வது: கட்டட இடிபாடு, குப்பை, கழிவுநீர். பள்ளம் மேடானால் நீர் உள்ளே வராது. வந்தாலும் தேங்கி நாறும்.

இதை மீட்கும் பணியைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை மேற்கொண்டது. முதல் கட்டமாக 58 ஏக்கரில் குப்பையையும் இடிபாட்டையும் அகற்றினார்கள். மேடான தரையைத் தோண்டி நீர் நிற்கவும் ஓடவும் வழி செய்தார்கள். பிறகுதான் செடி நட்டார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். நீரோட்டம் சரியாகாத இடத்தில் எத்தனை மரம் நட்டாலும் அது பூங்காவாகுமே தவிர, ஈரநிலமாகாது. 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது.

3. நேரில் போனால் எதைப் பார்ப்பது?

போவதற்கு முன் பூங்காவின் அனுமதி முறையையும் நேரத்தையும் அறக்கட்டளையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். காலை நேரம்தான் நல்லது. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

அலையாத்திச் செடிகள்: ஓரத்துச் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேல்நோக்கி முளைத்திருக்கும் குச்சிகளைப் பாருங்கள். அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. வெண்கண்டல் இலையைக் கிள்ளாமல் உற்றுப் பாருங்கள். சில நேரம் உப்புப் பொடி படிந்திருக்கும். வேர் வழியாக வந்த உப்பை இலை வெளியேற்றுகிறது.

பறவைகள்: அசையாமல் நிற்பது மடையான். பறக்கும்போதுதான் அதன் வெள்ளை இறக்கை தெரியும். இறக்கையை விரித்து வெயில் காய்வது நீர்க்காகம். சட்டென்று முங்கி வேறொரு இடத்தில் எழுவது முக்குளிப்பான். பெயர் தெரியவில்லையா? பறவைக் குரலைப் பதிவு செய்தால் பெயர் சொல்லும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் செயலி சொல்வதை அப்படியே நம்பாமல், படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்க விடாதீங்க. கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குத் தொல்லை.

தட்டான்கள்: “ஈரநிலம்னா கொசு வருமே?” என்று கேட்பவர்கள் உண்டு. மீன்களும் தட்டான் குஞ்சுகளும் வாழும் நீரில் கொசுப் புழு தப்புவது கடினம். கொசு பெருகுவது பெரும்பாலும் தேங்கிய சாக்கடையிலும், நம் வீட்டு மாடியில் கிடக்கும் பழைய டயரிலும்தான்.

4. பார்த்ததோடு விடலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். நீர் பரவி நிற்கும் இடங்களை மூடினால், அந்த நீர் நம் தெருவைத் தேடி வரும். ஒரு லாரி இடிபாடு சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் உப்பங்கழி ஒரே நாளில் மேடாவதில்லை. இப்படி ஒவ்வொரு லாரியாகத்தான் மேடாகிறது.

நீர்நிலையில் யாராவது கொட்டுவதைப் பார்த்தால்:

• அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். பாதுகாப்பான தூரத்தில் நின்று படம் எடுங்கள்.
• போனில் இருப்பிடத்தை ஆன் செய்துகொள்ளுங்கள். தேதி, நேரம், அருகில் உள்ள அடையாளம் ஆகியவற்றைக் குறியுங்கள்.
• குப்பை, இடிபாடு என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணிலோ, நம்ம சென்னை செயலியிலோ சொல்லுங்கள். கழிவுநீர் என்றால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916.
• புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு முதல்வரின் முகவரித் துறையின் 1100-ஐ அழைக்கலாம்.

“ஆற்றில் குப்பை” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எங்கே போவது என்று தெரியாது. “இன்ன தெரு, இன்ன பாலத்தின் இடப்பக்கம், காலை 6 மணிக்கு, கட்டட இடிபாடு” என்று எழுதினால் ஊழியர் நேராக அங்கே போக முடியும்.

உங்கள் வீட்டில் சின்னதாக ஒரு சுவர் இடித்தாலும், இடிபாட்டை எங்கே கொண்டு போகிறார் என்று ஒப்பந்தக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். “அதை நாங்க பாத்துக்கறோம்” என்ற பதிலோடு விட்டுவிடாதீங்க.

5. நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. முதலில் செடி நடாமல் பள்ளம் தோண்டியது ஏன்?
2. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் உள்ளே இருக்கும் நீருக்கு என்ன ஆகும்?
3. உங்கள் ஊர் ஏரி, வாய்க்கால் மேப்பில் எப்படித் தெரிகிறது? பழைய படத்தோடு ஒப்பிட்டால் சுருங்கியிருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கான விடை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாங்க.