வீழக் கற்றல்

ஜப்பான் நாட்டில் 1860ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜிகோரோ கானோ. டோக்கியோவில் விடுதியில் தங்கிப் பயின்ற காலத்தில் அவர் கல்வியில் சிறந்து விளங்கினார். எனினும் குறுகிய உருவமும் மெலிந்த உடலும் உடையவராதலின், வலிய மாணவர் அவரைத் துன்புறுத்தினர். அத்துன்பத்தினின்றும் மீள விரும்பி, 1877இல், ஜூஜுட்சு என்னும் பழைய மற்போர்க் கலையில் வல்லவரான ஃபுகுடா என்பாரை அடைந்தார்.

ஒரு நாள் ஆசிரியர் அவரைத் தூக்கி எறிந்தார். "ஐயா, கையை எவ்வாறு வைத்தீர்கள்?" என்று கானோ வினவினார். ஆசிரியர் விடை கூறாது மீண்டும் எறிந்தார். விளக்கமின்றிப் பயிற்றும் இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. தாம் ஆசிரியரானபோது கானோ காரணங்களை விளக்கியே கற்பித்தார்.

அவர் 1882இல், எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிற்றறையில் ஜூடோ என்னும் கலையைத் தோற்றுவித்தார். அதனைப் பயிலப் புகுவோர் முதற்கண் கற்பது பிறரை வீழ்த்துதல் அன்று. தாம் வீழ்தலே ஆகும். மல்லாந்து வீழ்பவன் மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்தல் வேண்டும். முதுகு தரையைத் தொடும் அந்நொடியிலேயே கைகளால் பாயை ஓங்கி அறைதல் வேண்டும். அதனால் அதிர்ச்சி ஓரிடத்தில் தாக்காது பரவிக் குறைகிறது. எதிரியைக் கண்டு நடுங்குவோன் பெரும்பாலும் அஞ்சுவது தான் வீழ்வதற்கே. பன்முறை வீழ்ந்து ஊறின்றி எழுந்தவனுக்கோ, தரை பழகிய இடமாகிவிடுகிறது. அதன் பின்னரே பிறரை எறியும் முறைகள் அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றன.