பெட்டியின் பின்விளக்கு: புதிதாக வரும் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு

கரும்புப் பருவத்தில் முண்டியம்பாக்கம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் சாலைகளில் ராத்திரி முழுக்க டிராக்டர்கள் லோடோடு ஓடும். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு டிராக்டரின் விளக்கு தெரியாது, அது இழுத்துவரும் பெட்டி மறைத்துவிடும். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் முன்னால் வண்டி இருப்பதே அவருக்குத் தெரியும். பின்பக்கம் 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிகிற சிவப்பு விளக்கு வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். பத்தடி தள்ளி நின்றாலே தெரியாத பெட்டிகள் எத்தனையோ ஓடுகின்றன.

ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் படித்துவிட்டோ, பட்டறையில் கையாளாக இருந்தோ இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெட்டி ஒயரிங்கைச் சில்லறை வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள். டேப் சுற்றி அனுப்புகிற ஆள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்கிறவர் கிடைப்பதில்லை. அந்த ஒருவராக நீங்கள் இருந்தால் பருவம் முழுக்க வேலை உங்களைத் தேடி வரும்.

வண்டி வந்ததும் பல்பைக் கழற்றாதீர்கள். பிளக்கை உருவுங்கள். பழுது டிராக்டரிலா, பெட்டியிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். டிராக்டர்களில் பெரும்பாலும் 7 பின் வட்ட சாக்கெட்தான் இருக்கும். 12 வோல்ட்டுக்கான ஐஎஸ்ஓ 1724 வரிசை மனப்பாடமாக வேண்டும். 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது டெயில், பழுப்பு. 6 பிரேக், சிவப்பு. 7 இடது டெயில், கறுப்பு. பின்பக்கப் பனி விளக்குக்கான 2 நம் பெட்டிகளில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். 24 வோல்ட் லாரிக்கு வரிசையே வேறு. அதில் எர்த் 1-ஆம் பின்னில் வரும். லாரியில் பழகிய கை டிராக்டருக்கு பிளக் கட்டினால் இந்த இடத்தில்தான் சறுக்கும். யாரோ கட்டிய பழைய ஒயரிங்காக இருந்தால் நிறத்தை நம்பவே வேண்டாம், பின் எண்ணை மட்டும் பாருங்கள்.

சோதிக்க 12 வோல்ட், 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப் போதும். மல்டிமீட்டர் இந்த இடத்தில் ஏமாற்றும். இணைப்பு துருப்பிடித்துப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பை எரிய வைக்கும் அளவு கரன்ட் அதில் போகாது. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை சேஸிஸில் கவ்வ வேண்டாம், 3-ஆம் பின்னில் வையுங்கள். அந்தந்த விளக்கைப் போட்டு, இன்னொரு முனையால் ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். எல்லாவற்றிலும் பளிச்சென்று எரிந்தால் டிராக்டர் சுத்தம். சேஸிஸில் வைத்தால் எரிகிறது, 3-இல் வைத்தால் எரியவில்லை என்றால் சாக்கெட்டுக்கு வரும் எர்த் அறுந்திருக்கிறது.

டிராக்டர் சுத்தம் என்றால் பெட்டிக்குத் தனி பேட்டரி கொடுங்கள். நெகட்டிவ் பிளக்கின் 3-இல், பாசிட்டிவ் ஒரு ஃபியூஸ் வழியாக மற்ற பின்களில் ஒவ்வொன்றாக. டிராக்டர் பக்கத்தில் இல்லாமலே பெட்டியை முழுசாகப் பார்த்துவிடலாம்.

விசித்திரமாக எரிகிற பெட்டி என்றால் முதல் சந்தேகம் எர்த் மேல் வரட்டும். இடது இண்டிகேட்டர் போட்டால் வலது டெயில் மங்கலாக மின்னும். பிரேக் மிதித்தால் டெயில் அணையும். பல்பையும் ஃபிளாஷரையும் மாற்றி மாற்றிப் போட்டு, காசு கேட்கும்போது ஓனரோடு தகராறு வருவது இந்த மாதிரிப் பெட்டிகளில்தான். நடப்பது இதுதான்: இடது விளக்குக்கு எர்த் இல்லை. இண்டிகேட்டர் ஃபிலமென்ட் வழியாக வந்த கரன்ட் இறங்க வழி தேடி, அதே விளக்கின் டெயில் ஃபிலமென்ட்டில் பின்னோக்கி ஏறி, டெயில் ஒயர் வழியே வலது விளக்குக்குப் போய் அங்கே எர்த்தில் இறங்குகிறது. 21 வாட்டும் 5 வாட்டும் வரிசையாக நிற்பதால் 5 வாட் மட்டும் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் எரியாது. இடது விளக்கின் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு நீள ஒயரை நேராகப் பிடித்துப் பாருங்கள். உடனே சரியானால் பழுது எர்த்தில்தான்.

அளந்து காட்ட வேண்டும் என்றால் இங்கே மல்டிமீட்டர் உதவும். விளக்கு எரியும்போது அதன் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே கால் வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ துரு. டிராபாரும் ஹிட்ச் பின்னும் இரும்புதானே, எர்த் தானாக வந்துவிடும் என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயின்டும் கிரீஸும் துருவும் இருக்கிற இடத்தில் அது இன்று வரும், நாளை வராது. பிளக்கின் 3-இலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுங்கள்.

டெயில் பளிச்சென்று எரிந்து பிரேக் மங்கலாக இருந்தால் 21/5 வாட் பல்பைப் பாருங்கள். அதன் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. யாரோ திருப்பி அழுத்தி மாட்டியிருப்பார்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அந்த இடத்தில் கம்பியைச் சுற்றவே சுற்றாதீர்கள். ஒயரிங் பற்றிக்கொள்ளும். பெட்டியின் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அது பளிச்சென்று எரியும். இப்போது ஒயரை ஒவ்வோர் இடமாக ஆட்டிக்கொண்டே போங்கள். எங்கே ஆட்டும்போது லாம்ப் அணைகிறதோ அங்கேதான் ஒயர் தோல் உரிந்திருக்கிறது. சேஸிஸ் துளைக்குள் ரப்பர் வளையம் இல்லாமல் நுழையும் இடம், டிப்பரின் கீல், டயருக்குப் பக்கம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

புதிதாக இழுப்பதானால் ஒயரின் கனத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு பிரேக் பல்புக்கு 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். 10 மீட்டர் தூரத்துக்கு அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 1.2 வோல்ட் போய்விடும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். எர்த்துக்கு இரண்டரை போடுங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது. லக் போட்டு அழுத்தி, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். டிராபார் பக்கம் டிராக்டர் முழுசாகத் திரும்பினாலும் பிளக் இழுபடாத அளவு தளர்வு விடுங்கள், ஒயர் தரையில் உரசாமலும் இருக்க வேண்டும். விளக்கைக் கரும்பு தொங்கி மறைக்காத இடத்தில் மாட்டுங்கள். ஓனர் மேலே வைக்கச் சொன்னாலும் காரணம் சொல்லி இடத்தை மாற்றுங்கள்.

எல்இடி கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதிர்வுக்கு அதுதான் நல்லது. ஆனால் வாட் குறைவதால் பழைய ஃபிளாஷர் பல்பு போய்விட்டதாக எண்ணி வேகமாக அடிக்கும். எல்இடிக்கு ஏற்ற ஃபிளாஷரையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

கூலி பேசும்போது பழுது கண்டுபிடிக்க ஒரு தொகை, சாமானுக்குத் தனித் தொகை என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். கழற்றிய ஒயரையும் பல்பையும் கையில் கொடுங்கள். ஆலை திறப்பதற்கு முந்தைய மாதமே தெரிந்த ஓனர்களுக்குப் போன் போட்டுப் பெட்டியைப் பார்த்துவிடுங்கள். பருவத்தில் வண்டியை அரை நாள் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் ஓனரைப் பின்னால் நிற்க வைத்து, டிரைவரை சீட்டில் ஏற்றி பார்க்கிங், இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். பிறகு பார்க்கிங் எரியும்போதே பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எர்த் பழுது மிச்சம் இருந்தால் அதில் வெளியே வந்துவிடும்.