பெயின்ட் அடிக்கும் முன் பார்த்துவிடுங்கள்

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிற நண்பர்கள் என்னையும் கூட அழைத்துப்போவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் சேத்தக், சில நேரம் பழைய பஜாஜ் 150, எப்போதாவது ஒரு விஜய் சூப்பர். போகிற இடத்தில் வண்டி புத்தம் புதிதாக நிற்கும். இரட்டை வண்ணப் பெயின்ட், பளபளக்கும் குரோம், வெள்ளைப் பட்டை போட்ட டயர். விற்பவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டுவார். நண்பர் அதிலேயே விழுந்துவிடுவார். நான் அந்த நேரத்தில் தரையில் உட்கார்ந்து ஃபுட்போர்டின் அடியில் கைவிட்டுத் தடவிக்கொண்டிருப்பேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சேத்தக்கின் மூலமான வெஸ்பா ஸ்கூட்டருக்குத் தனியாகச் சட்டம் (ஃபிரேம்) என்று ஒன்று கிடையாது. 1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். அழுத்தி வளைத்த இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலையே எலும்பாகவும் ஆக்கிவிட்டார். பியாஜியோவின் உரிமம் பெற்று பஜாஜ் செய்த வண்டிகளும், பின்னால் 1972இல் வந்த சேத்தக்கும் இதே அமைப்புதான். லாம்பிரட்டா ஸ்கூட்டரும் அதன் வழியில் லக்னோவில் உருவான விஜய் சூப்பரும் வேறு வகை. அவற்றில் உள்ளே கனமான குழாய்ச் சட்டம் இருக்கும், தகடுகள் அதன்மேல் போர்த்தியவை. அங்கே ஃபுட்போர்டு ஓட்டையானால் காலில் சேறு தெறிக்கும், அவ்வளவுதான். சேத்தக்கில் ஓட்டையானால் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பாகமே செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

புறநகர்ப் பட்டறை ஒன்றில் க்ரீம் நிற சேத்தக் ஒன்றைப் பார்த்தோம். "அண்ணே, ஒரிஜினல் தகடு. கீழ மட்டும் துரு புடிக்காம இருக்க கருப்பு அடிச்சிருக்கேன்" என்றார் பட்டறைக்காரர். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை ஃபுட்போர்டின் மேல் வைத்தேன். ஓரங்களில் ஒட்டியது, நடுவில் நழுவியது. அனுமதி கேட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியைச் சாக்கின் மேல் சாய்த்தோம். கருப்புப் பூச்சை ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாகக் கீறியதும் பட்டி விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. உள்ளே மெல்லிய தகரத் துண்டு, நான்கு ரிவெட். அதற்கும் மேலே தகடே இல்லை, மூடிவைத்த துருதான். குறுக்கே தாங்க வேண்டிய பட்டைகளில் ஒன்றைக் காணவில்லை. அந்த வண்டியில் இரண்டு பேர் ஏறி வேகத்தடையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நண்பரிடம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காந்தம் ஒட்டாத இடம் எல்லாமே மோசம் என்றில்லை. சிறு நெளிசலுக்கு மெல்லிசாகப் பட்டி போடுவது எல்லா டிங்கரிங் பட்டறையிலும் நடப்பதுதான். எந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஃபுட்போர்டு, நடுவில் எழும்பியிருக்கும் மேடு, பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம், இன்ஜினைத் தாங்கும் பகுதி ஆகிய நான்கில் எதில் பட்டி இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வியட்நாமில், குறிப்பாக சைகோனில், பழைய வெஸ்பாக்களை இப்படிச் சரிக்கட்டி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிய காலம் ஒன்று உண்டு. வெவ்வேறு வண்டிகளின் பாதிகளை வெட்டி ஒட்டியவை அவற்றில் இருந்தன. பெயின்ட்டை உரித்த பிறகுதான் வாங்கியவர்களுக்கே தெரிந்தது.

அடுத்து ஸ்டீரிங். ஹேண்டில்பாரை உள்ளே இருக்கும் குழாயோடு இறுக்குவது ஒரே ஒரு போல்ட். குழாயில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அது உட்கார வேண்டும். அளவு குறைந்த போல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தால் ஒருநாள் ஹேண்டில் திரும்பும், சக்கரம் திரும்பாது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். துளி அசைந்தாலும் ஓட்டக்கூடாது. பிறகு ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் தட்டுப்பட்டு நின்றால் பேரிங் கிண்ணம் தேய்ந்து குழிந்திருக்கிறது. ஃபோர்க்கில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் வண்டியையே விட்டுவிடுங்கள். அடிபட்டு வளைந்த ஃபோர்க்கைச் சூடுபோட்டு நிமிர்த்துவதும் வெல்டிங் வைப்பதும் சேமிப்பு ஆகாது. உடையும்போது அது முன்னறிவிப்பு கொடுக்காது.

ஓட்டிப் பார்க்கும்போது வண்டி வலப்பக்கம் லேசாக இழுத்தால் பதற வேண்டாம். இன்ஜின் அந்தப் பக்கம் தொங்குவதால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். உடலைச் சாய்த்துச் சமாளிக்க வேண்டியிருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

பின்டயரின் உட்பக்கத்தில் எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஹப்பின் ஆயில் சீல் போயிருந்தால் கியர் ஆயில் கசிந்து பிரேக் லைனிங்கில் இறங்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. மெக்கானிக் கேபிளை இறுக்கித் தருவார், பயன் இருக்காது. டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. சக்கரத்தைப் பிடிக்கும் பெரிய நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சில ரூபாய்ச் சாமான்தான், அதைப் போட மறந்த பட்டறைகள் இருக்கின்றன.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கருப்பு பாலிஷ் போட்ட பழைய டயரை இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வண்டிகளின் ரிம் இரண்டு பாதிகளாலானது. பஞ்சர் கடையில் புதுப் பையன் இருந்தால் காற்றை முழுதாக இறக்கிய பிறகே ரிம் நட்டுகளில் கைவைக்கச் சொல்லுங்கள். காற்றோடு கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும்.

இன்ஜினைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் இரைந்துகொண்டே இருந்தால் ஐடிலைக் குறைத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கிராங்க் சீல் வழியாக வெளிக்காற்று புகுந்திருக்கலாம். பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் விகிதத்தில் குறைந்து பிஸ்டன் சூடேறி ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவரின் இடக்கை விரல்கள் கிளட்ச்சை விட்டு விலகக்கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான். பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் கால ரப்பர் தாங்காது.

இத்தனையும் பார்த்த அனுபவத்தில் என் முடிவு இதுதான். துரு தெரிகிற, பெயின்ட் உரிந்த, ஆவணம் சரியாக உள்ள வண்டியை வாங்கி, வேலையைக் கண்முன்னே செய்துகொள்ளுங்கள். பணமும் நாளும் கூடுதலாக ஆகும், பரவாயில்லை. தயாராக நிற்கும் வண்டிதான் வேண்டுமென்றால், தகடு வெறுமையாக இருந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் பெருமையோடு காட்டுவார். ஒரு படம்கூட இல்லை என்பவரிடம் வாங்காதீர்கள்.