பிள்ளை கையில் போன்: பூட்டிச் சாவியை நீங்கள் வையுங்கள்!

குழந்தைகள் பார்க்கக் கூடாதவற்றைத் தடுக்கும் வசதியை இணைய நிறுவனங்களே தர வேண்டும் என்று கேட்டு மதுரைக்காரர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டிருந்தார். 2025 டிசம்பரில் அதை முடித்துவைத்த நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் அமர்வு, 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக வலைதளத்தைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் போல இங்கும் கொண்டுவருவதை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. தடுப்பு வசதிகள் இருப்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னது.

சட்டம் வரும்போது வரட்டும். மல்லிகை பறிக்க விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பும் அம்மா, வெளி மாநிலத்தில் முறுக்குத் தொழில் பார்க்கும் அப்பா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா என்று இருக்கிற உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளுக்கும் ஒத்துவரும் குறிப்புகள் இதோ. போன் கம்பெனியைப் பொறுத்து மெனுவின் இடம் சற்று மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் வந்துவிடும்.

1. முதல் வேலை, ஜிமெயிலைக் கண்டுபிடிப்பது. போன் வாங்கிய கடையிலேயே ஏதோ ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதன் பாஸ்வேர்டு பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் பிள்ளைக்கு மட்டும் தெரியும். செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதைத் தொட்டால் எந்தக் கணக்கு என்று காட்டும். பாஸ்வேர்டை மாற்றி, ரெக்கவரி எண்ணாக உங்கள் நம்பரைக் கொடுத்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். இதைச் செய்யாமல் மற்ற பூட்டுகள் நிற்காது.

2. உங்கள் போனில் எத்தனை கைரேகை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸ், செக்யூரிட்டி, ஃபிங்கர்பிரின்ட் என்று போனால் வரிசையாகக் காட்டும். நீங்கள் ஒரு விரல்தான் வைத்தீர்கள், அங்கே மூன்று இருக்கிறது என்றால் மற்ற இரண்டும் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை! எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பின் நம்பருக்குப் பிறந்த தேதி, பைக் நம்பர், 1234 எதுவும் வேண்டாம். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அடிக்கவும் வேண்டாம்.

3. பிள்ளைக்குத் தனி ஆண்ட்ராய்டு போனோ டேப்லெட்டோ இருந்தால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' போதும். உங்கள் போனில் அந்த ஆப்பை இறக்குங்கள். பிள்ளையின் போனில் செட்டிங்ஸ், கூகுள், 'பேரண்டல் கன்ட்ரோல்ஸ்' என்று போய் இரண்டையும் இணையுங்கள். பிள்ளை 13 வயதுக்குக் கீழ் என்றால் உங்கள் சம்மதத்தோடு அதற்கெனத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். அதன்பின் பிள்ளை இங்கே புது ஆப் இறக்க முயன்றால், அப்பா எந்த ஊரில் இருந்தாலும் அவர் போனுக்கு அனுமதி கேட்டு வரும்.

4. ஃபேமிலி லிங்க்கில் நேரத்தையும் வரையறுக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவைக்க 'டவுன்டைம்'. பூட்டிய நேரத்திலும் பிள்ளை உங்கள் அழைப்பை எடுத்துப் பேசலாம், அவசர அழைப்பும் போடலாம். தோட்டத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் பேச முடியாதே என்ற கவலை வேண்டாம்.

5. வீட்டுக்கு ஒரே போன் என்றால் பிளே ஸ்டோரையாவது பூட்டுங்கள். உள்ளே போய் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, 'பேரண்டல் கன்ட்ரோல்ஸ்' என்று போய்த் தனி பின் நம்பர் போடுங்கள். 3, 7, 12, 16, 18 என்ற வயது அளவுகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். இது இனி இறக்கப்போகும் ஆப்களுக்குத்தான். ஏற்கெனவே இருப்பவற்றை நீங்களே பார்த்து நீக்க வேண்டும்.

6. சின்னப் பிள்ளை அப்பத்தாவின் போனில் பாட்டுப் பார்க்கிறதா? செக்யூரிட்டி பகுதியில் 'ஆப் பின்னிங்' என்பதை ஆன் செய்து, வெளியேறும்போது பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். பாட்டு ஆப்பைத் திறந்து 'பின்' செய்து கொடுத்தால், அதைவிட்டு வேறு எங்கும் போக முடியாது. அப்பத்தாவுக்கு இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

7. யூடியூபில் சின்னப் பிள்ளைகளுக்கு 'யூடியூப் கிட்ஸ்' ஆப் நல்லது. பெரிய பிள்ளைகளுக்கு சாதா யூடியூபின் செட்டிங்ஸில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' இருக்கிறது. அதை ஒவ்வொரு சாதனத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். போனில் போட்டுவிட்டு ஸ்மார்ட் டிவியை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கூகுள் தேடலில் 'சேஃப் சர்ச்'சை 'ஃபில்டர்' என்று வையுங்கள்.

8. ஜிபே, போன்பே ஆப்களுக்கு ஆப் லாக் போடுங்கள். கடைக்குப் போகும் பிள்ளையிடம் அவசரத்துக்குக்கூட யுபிஐ பின் நம்பரைச் சொல்லாதீர்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் டைமண்ட் வாங்கிப் பணம் கரைவது இந்த வழியில்தான்.

9. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025-ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. ஆனாலும் வாட்ஸ்அப், டெலிகிராம் லிங்க் வழியாக ஏபிகே ஃபைலாக வரலாம். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பட்டியலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். 'பிள்ளையைக் கண்காணிக்கும் ஆப்' என்று இப்படி வருவதையும் தொடாதீர்கள்.

10. வாட்ஸ்அப்பில் பிரைவசி, குரூப்ஸ் என்று போய் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வையுங்கள். முன்பின் தெரியாதவர்கள் குரூப்பில் சேர்க்க முடியாது. 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' ஆன் செய்யுங்கள். 'மீடியா விசிபிலிட்டி'யை ஆஃப் செய்தால், பெரியவர்களின் குரூப்பில் வரும் வீடியோக்கள் இனி கேலரியில் வந்து விழாது.

11. இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 'டீன் அக்கவுன்ட்' தானாகவே வந்துவிடும். இந்தியாவில் இது 2025-ல் வந்தது. கணக்கு பிரைவேட்டாக இருக்கும். 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அனுமதி இல்லாமல் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடியாது. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டிருந்தால் இதெல்லாம் வேலை செய்யாது. முதலில் அதைப் பாருங்கள்.

12. ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'ஸ்கிரீன் டைம்' போய்த் தனி பாஸ்கோடு போடுங்கள். போனைத் திறக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே ஆப்பில் நிறுத்திவைக்க 'கைடட் ஆக்சஸ்' உண்டு.

13. லேப்டாப்பில் பிள்ளைக்குத் தனி யூசர் கணக்கு கொடுங்கள். அட்மின் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். விண்டோஸ் 10, 11 என்றால் 'மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி'யில் நேரமும் தளங்களும் கட்டுப்படுத்தலாம். தளத் தடுப்பு எட்ஜ் பிரவுசரில்தான் நடக்கும். அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய பழைய அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் இந்த வசதி கிடையாது. அதைக் கூடத்தில் வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

14. வீட்டில் வைஃபை இருந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைப் போடச் சொல்லுங்கள். இது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவச சேவை. ஆபாசத் தளங்களை வீடு முழுக்கத் தடுக்கும். கேபிள்காரர் வரும்போது ஐந்து நிமிட வேலை. மொபைல் டேட்டாவுக்கும் பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டுக்கும் இது செல்லாது.

15. எதையும் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். என்ன பூட்டுகிறோம், எந்த வயதில் திறப்போம் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஒளித்துவைத்த பூட்டைப் பிள்ளை கண்டுபிடித்தால் முதலில் போவது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை. சாப்பிடும்போது போன் இல்லை என்றால் அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

16. யாராவது படம் கேட்டு மிரட்டினால் பிள்ளையைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். மெசேஜை அழிக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. சைபர் குற்றப் புகாருக்கு 1930. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இந்த வசதிகளுக்கெல்லாம் காசு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். பிள்ளையையே செட்டிங்ஸ் போட்டுத் தரச் சொல்லிவிட்டு, அதே பிள்ளைக்குப் பூட்டுப் போட முடியாது. தெரியவில்லை என்றால் விவரம் தெரிந்த சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பரை மட்டும் நீங்களே அடியுங்கள்.