சுவரும் சித்திரமும்

நுழையும்முன்

கணினி விளையாட்டுகளின் நடுவே சிறு திரைப்படம் போன்ற காட்சிகள் வருவதுண்டு. அவற்றை உருவாக்கப் பெரும்பொருளும் நெடுங்காலமும் செலவாகின்றன. அச்செலவு தகுமா? இரு பக்கத்துக் கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்ப்பது இப்பாடத்தின் நோக்கம்.

உத்தி விளையாட்டு

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உண்டு. ஆடுகள் புலிகளை நகரவிடாமல் அடைக்க வேண்டும். புலிகள் ஆடுகளை வெட்ட வேண்டும். கைவிரைவுக்கு அங்கு வேலையில்லை. அடுத்தடுத்த நகர்வுகளை முன்னரே எண்ணிப் பார்ப்பவரே வெல்வார். சதுரங்கமும் இத்தகையதே. இவற்றை உத்தி விளையாட்டுகள் என்பர்.

கணினியிலும் இவ்வகை விளையாட்டுகள் பல உள்ளன. படை திரட்டுதல், நகரம் எழுப்புதல், பொன்னும் மரமும் சேர்த்தல் முதலியன அங்கு ஆடுபவரின் பணிகள். ஒரு போர் முடிந்து அடுத்த போர் தொடங்குமுன் கதையைச் சொல்லும் காட்சி ஒன்று திரையில் தோன்றும். அப்போது ஆடுபவர் எதையும் இயக்க இயலாது. பார்க்கவும் கேட்கவும் மட்டுமே இயலும். 'கட்சீன்' என்று வழங்கும் இதனைத் தமிழில் இடைக்காட்சி எனலாம்.

இடைக்காட்சி வளர்ந்த வரலாறு

தொடக்கத்தில் விளையாட்டுகள் நெகிழ்வட்டுகளில் விற்கப்பட்டன. ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட் மட்டுமே. ஆதலால் நீண்ட காட்சிகளுக்கு இடமில்லை. பின்னர் ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும் குறுந்தகடு பரவியது, காட்சிகளும் பெருகின.

அமெரிக்காவின் வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கிய 'கமாண்ட் அண்ட் காங்கர்' என்னும் விளையாட்டு 1995ஆம் ஆண்டு இரண்டு குறுந்தகடுகளில் வெளிவந்தது. அதன் இடைக்காட்சிகளில் நடிகர்கள் தோன்றினர். அவற்றை இயக்கிய ஜோசப் குகன், கேன் என்னும் தலைவன் வேடத்தையும் தாமே ஏற்றார். கதையின் தலைவர்கள் திரையிலிருந்து ஆடுபவரை நேராக நோக்கிப் பேசுவர். வீட்டில் அமர்ந்து ஆடுபவர், ஒரு படையின் தளபதியாகவே தம்மை உணர்ந்தார். 2008இல் இவ்வரிசையில் வந்த 'ரெட் அலர்ட் 3' விளையாட்டில் ஜார்ஜ் டகேய், டிம் கரி, ஜே. கே. சிம்மன்ஸ் ஆகிய புகழ்பெற்ற நடிகர்களே நடித்தனர்.

செலவு எங்கே செல்கிறது?

கணினியால் வரையப்படும் காட்சி, நொடிக்கு 24 படங்கள் கொண்டது எனக் கொள்வோம். ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள் தேவை. ஒவ்வொரு படத்திலும் முகம், உடை, ஒளி, நிழல், அசைவு ஆகியவை பொருந்த வேண்டும். அதன்மேல் இசையும் குரலும் சேர வேண்டும். இத்தனை உழைப்பில் உருவான காட்சியைப் பெரும்பாலோர் ஒருமுறையே காண்பர். மறுமுறை ஆடும்போது, அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்திவிடுவர்.

வேண்டும் என்போர் கூற்று

உத்தி விளையாட்டில் ஆடுபவர் போர்க்களத்தை வானிலிருந்து பார்ப்பதுபோல் பார்க்கிறார். வீரர்கள் எறும்புகளாய்த் தெரிகின்றனர். அவர்களின் முகமும் அச்சமும் துயரமும் அங்கிருந்து தெரிவதில்லை. இடைக்காட்சியே ஆடுபவரைத் தரைக்கு இறக்கி, அவ்வீரர்களை மனிதர்களாகக் காட்டுகிறது. எதற்காகப் போரிடுகிறோம் என்பதையும் அது உணர்த்துகிறது. மேலும், நீண்ட போருக்குப்பின் களைத்த கைக்கும் மனத்திற்கும் அது ஓய்வு தருகிறது.

வேண்டா என்போர் கூற்று

ஆடுபுலி ஆட்டத்திற்குத் திரைப்படம் எதுவும் இல்லை. தரையில் கீறிய கோடுகளும் சில கற்களுமே போதும். ஆயினும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அதை ஆடினர். 1998இல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டின் போட்டிகள் தென்கொரியாவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அங்கு மக்கள் கண்டு மகிழ்ந்தது ஆட்டக்காரர்களின் திறமையை, இடைக்காட்சிகளை அல்ல. காட்சிக்குச் செலவிடும் பொருளைக் கொண்டு புதிய களங்களை அமைக்கலாம், எதிராடும் கணினியின் அறிவைக் கூர்மையாக்கலாம், பிழைகளைக் களையலாம். இவற்றின் பயன் ஒவ்வொரு முறை ஆடும்போதும் கிட்டும்.

மூன்று சான்றுகள்

கனடாவின் ரெலிக் நிறுவனம் உருவாக்கிய 'ஹோம்வேர்ல்ட்' என்னும் விண்வெளி விளையாட்டு 1999இல் வெளிவந்தது. அதன் இடைக்காட்சிகள் பல, கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் போன்றவை. கதையின் தொடக்கத்தில் தாய்க்கப்பல் ஒன்று சோதனைப் பயணம் முடித்துத் தன் கோளுக்குத் திரும்புகிறது. அக்கோள் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. ஆடுபவர் கப்பல்களை இயக்கும் அதே களத்திலேயே இக்காட்சி விரிகிறது. உறைநிலையில் துயிலும் மக்களைச் சுமந்த கலங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. பகைவர் அவற்றையும் தாக்குகின்றனர். அவற்றைக் காப்பதே ஆடுபவரின் அடுத்த பணி. கண்ட துயரம் உடனே கைக்கு வேலையாக மாறுகிறது. பல ஆண்டுகள் கழிந்தும் ஆடியவர்கள் இக்காட்சியை நினைவுகூர்கின்றனர்.

1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இதினும் எளிய வழியைக் கையாண்டது. சில ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, ஒரு குரல் கதை சொல்லும். அவ்வளவே. 2022இல் இதனுடன் சேர்க்கப்பட்ட இந்தியப் பகுதியில் இராசேந்திர சோழன் பெயரால் ஒரு போர்த்தொடர் அமைந்துள்ளது. அங்கும் ஓவியமும் குரலுமே கதையைச் சொல்கின்றன. எளிய வழியாயினும், சோழப் படையை நடத்தும் ஆர்வத்தைத் தூண்ட அது போதுமானதாயிற்று.

மூன்றாவது சான்று எச்சரிக்கை தருவது. 2002இல் வந்த 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டைப் புதுப்பித்துத் தரப்போவதாக ப்ளிசார்ட் நிறுவனம் 2018இல் அறிவித்தது. புதிதாக அமைத்த இடைக்காட்சி ஒன்றையும் காட்டியது. 2020 சனவரியில் விளையாட்டு வெளிவந்தபோது இடைக்காட்சிகள் பெரும்பாலும் பழைய அமைப்பிலேயே இருந்தன. பழைய விளையாட்டில் இருந்த தரவரிசைப் போட்டி போன்ற சில வசதிகளும் அப்போது காணப்படவில்லை. வாங்கியோர் மனம் வருந்தினர். விரும்பியோர்க்கு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது. காட்சியைக் காட்டி ஆவலைத் தூண்டுவது ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்றாவிடில் நம்பிக்கை குலையும்.

எது தகும்?

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது பழமொழி. விளையாட்டின் விதிகளும் களமும் சுவர், இடைக்காட்சி சித்திரம். சுவர் வலுவற்றிருக்கச் சித்திரத்திற்குப் பொருளைக் கொட்டுவது வீண். சுவர் உறுதியாக நிற்கும்போது நல்ல சித்திரம் வீட்டிற்கு அழகும் பொருளும் சேர்க்கும்.

ஆகவே, செலவின் அளவைக் கொண்டு மட்டும் இடைக்காட்சியை மதிப்பிடுதல் பொருந்தாது. காட்சி முடிந்தபின் ஆடுபவர் எடுக்கும் முடிவில் ஏதேனும் மாற்றம் உண்டா என்று கேட்க வேண்டும். யாரைக் காக்கிறோம், எதை இழந்தோம் என்று எண்ணியபடி அவர் அடுத்த நகர்வைச் செய்தால் அச்செலவு தகும். தாண்டிச் செல்லும் பொத்தானையே அவர் தேடினால், எத்துணைப் புகழ்பெற்ற நடிகர் தோன்றினும் அது வீண் செலவே.

சொல்லும் பொருளும்

உத்தி – வெல்வதற்கான திட்டம்
சீர்தூக்குதல் – ஒப்பிட்டு ஆராய்தல்
கொள்ளளவு – கொள்ளும் அளவு
கோள் – சூரியனைப்போன்ற விண்மீனைச் சுற்றிவரும் உருண்டை
கலம் – கப்பல்
எஞ்சிய – மீதமான

பயிற்சிகள்

1. நொடிக்கு 24 படங்கள் எனில், ஐந்து நிமிட இடைக்காட்சிக்கு எத்தனை படங்கள் தேவை?

2. 'ஹோம்வேர்ல்ட்' விளையாட்டில், கண்ட துயரம் கைக்கு வேலையாக மாறியது எவ்வாறு?

3. பாடத்தில் 'சுவர்', 'சித்திரம்' ஆகிய சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன?

4. பிரித்து எழுதுக: பெரும்பொருள், நெடுங்காலம், போர்க்களம்.

5. வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து, "இடைக்காட்சிக்கான செலவு தகும் – தகாது" என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

6. உம் வீட்டுப் பெரியோரிடம் ஆடுபுலி ஆட்டத்தின் விதிகளைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக. அவ்வாட்டத்திற்கு ஓர் இடைக்காட்சி அமைப்பதாயின் எதைக் காட்டுவீர் என்பதையும் சேர்த்து எழுதுக.